ஆலை மணியும் ஆலய மணியும்: அமெரிக்கப் பழமைவாதிகளின் வரிச் சண்டைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் பலவற்றின் மீதும் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். திருப்பூர்ப் பின்னலாடைக்கும் தூத்துக்குடி இறாலுக்கும் என்ன ஆகும் என்று நம்மூரில் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே இன்னொரு குழப்பமும் வாசகர்களிடம் இருக்கிறது. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்று உலகத்துக்கே பாடம் எடுத்த கட்சி குடியரசுக் கட்சி. அந்தக் கட்சிக்காரர்களே இப்போது வரி வேண்டும் என்கிறார்கள், தொழிற்சாலைகளைத் திரும்பக் கொண்டுவருவோம் என்கிறார்கள், அதே மூச்சில் குடும்பம், சபை, விசுவாசம் என்றும் பேசுகிறார்கள். இரும்பு உலைக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. அது நானூறு ஆண்டுப் பழையது. பழமைவாதத்தின் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த மரபு தன் வரலாற்றை எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே வசதியாகத் தாண்டிப் போகிறது என்பதை மறைக்காமல் சொன்னால்தான் இன்றைய சண்டை புரியும்.

முதலில் மூன்று சொற்கள்

1. பழமைவாதம். ஐரோப்பாவில் இந்தச் சொல் மன்னரையும் அரசின் திருச்சபையையும் காப்பதைக் குறித்தது. அமெரிக்காவில் காப்பதற்கு மன்னர் இல்லை. அங்கே பழமைவாதி காக்க நினைப்பது 1787இல் எழுதப்பட்ட அரசமைப்பு, சொத்துரிமை, குடும்பம், சபை, உள்ளூர்ச் சமூகம் ஆகியவற்றை. இவற்றில் சில சுதந்திரத்தின் பக்கம் இழுக்கின்றன, சில மரபின் பக்கம் இழுக்கின்றன. சந்தையின் சுதந்திரமும் ஊரின் மரபும் மோதாதவரை பிரச்சினை இல்லை. இன்று மோதிவிட்டன.

2. அழைப்பு. நம் கிறிஸ்தவர்களிடையே அழைப்பு என்றால் போதகராக ஊழியம் செய்யக் கிடைக்கும் தேவ அழைப்பு என்றே பொருள். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் இதை அகலப்படுத்தினார். குருவுக்கு மட்டுமல்ல, செருப்புத் தைப்பவருக்கும் பால் கறக்கும் பெண்ணுக்கும் அவரவர் வேலையே அழைப்பு என்றார். இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) இதை ஓர் ஒழுக்க நெறியாக வளர்த்து, கப்பலில் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்கள். செருமானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904–05இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு, நவீன முதலாளித்துவத்தின் மனப்பாங்கை இந்தக் கருத்தோடுதான் முடிச்சுப் போட்டது.

3. பாதுகாப்பு வரி. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து உள்ளூர்த் தொழிலை அழித்துவிடாமல் இருக்க இறக்குமதியின் மீது போடும் வரி. கருவூலத்தை நிரப்புவதற்கான வரி வேறு, தொழிலைக் காப்பதற்கான வரி வேறு. அமெரிக்க வரலாற்றில் இரண்டும் கலந்தே வரும்.

பிளைமவுத் கதையும் அதன் மறுபாதியும்

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் பிளைமவுத்தில் குடியேறினார்கள். முதல் ஆண்டுகளில் எல்லோரும் பொதுவாக உழுது, பொதுவான களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். உற்சாகமாக வேலை நடக்கவில்லை. 1623இல் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் குடும்பத்துக்கு இவ்வளவு நிலம் என்று பிரித்துக் கொடுத்தார். அதன்பின் முன்னைவிட அதிகமாகச் சோளம் விதைத்தார்கள் என்றும், பெண்கள் தங்கள் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மனமுவந்து வயலுக்குப் போனார்கள் என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். நன்றி கூறும் நாள் வரும்போதெல்லாம் அமெரிக்கப் பழமைவாதப் பத்திரிகைகளில் இந்தக் கதையைப் பார்க்கலாம்.

கதை உண்மைதான். ஆனால் சொல்லாமல் விடப்படும் ஒரு பாதி இருக்கிறது. அந்தப் பொது உழவு எந்தச் சமத்துவக் கொள்கையிலிருந்தும் பிறந்ததில்லை. பயணத்துக்குப் பணம் போட்ட லண்டன் முதலீட்டாளர்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் நிபந்தனை அது. அதாவது, அமெரிக்காவின் இந்தத் தொடக்கக் கதையிலேயே இரண்டு தரப்புகள் எதிரெதிரே நிற்கின்றன: தொலைவில் இருக்கும் முதலீடு, கண்முன் இருக்கும் குடும்பம். பிராட்ஃபோர்ட் குடும்பத்தின் பக்கம் நின்றார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒகாயோ மாநிலத்தின் எஃகு ஊரான யங்ஸ்டவுனில் இதே காட்சி திரும்ப வரும்.

அடுத்த அலையாக 1630இல் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தவர் ஜான் வின்த்ரொப். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் வரும் "மலையின்மேல் இருக்கிற பட்டணம்" என்ற வசனத்தை அந்தக் குடியேற்றத்துக்கு அவர் பொருத்திச் சொன்னதுதான், 1989 ஜனவரியில் அதிபர் ரீகனின் விடைபெறும் உரைவரை ஒலித்தது. அந்தப் பட்டணம் வெறும் ஜெபக்கூட்டமாக இருக்கவில்லை. 1636இல் ஹார்வர்ட் கல்லூரி. 1640களில் பாஸ்டனுக்கு வடக்கே சாகஸில் இரும்பு வார்ப்பாலை. 1647இல் ஒரு சட்டம்: ஐம்பது குடும்பம் உள்ள ஊர் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும். சாத்தான் மக்களை வேதாகமத்திலிருந்து விலக்கிவைக்கப் பார்க்கிறான், படிக்கத் தெரிந்தால் அவன் தந்திரம் பலிக்காது என்பதே அந்தச் சட்டம் சொன்ன காரணம். வேதம் வாசிக்கக் கற்றவனுக்குக் கணக்கேடு வாசிக்கவும் வந்தது. பின்னாளில் நியூ இங்கிலாந்து தொழில்வளம் பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்கா கிறிஸ்தவ நாடா?

இந்த வாக்குவாதம் தொலைக்காட்சிகளில் ஓயாமல் நடக்கிறது. இரு தரப்பும் பாதி ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகின்றன.

1791இல் ஏற்கப்பட்ட அரசமைப்பின் முதல் திருத்தம், எந்த மதத்தையும் நிறுவ நாடாளுமன்றம் சட்டம் இயற்றக் கூடாது என்கிறது. 1797இல் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியோடு செய்த உடன்படிக்கை, அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மறுபக்கம், 1787ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பரப்புச் சட்டம் நல்லாட்சிக்கு மதமும் ஒழுக்கமும் அறிவும் தேவை என்கிறது. வாஷிங்டன் 1796ஆம் ஆண்டு விடைபெறும் மடலில் மதத்தையும் ஒழுக்கத்தையும் அரசியல் செழிப்பின் தவிர்க்க முடியாத தூண்கள் என்றார். மாசசூசெட்ஸ் மாநிலம் 1833வரை தன் சபைகளுக்கு வரிப்பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: மத்திய அரசுக்கு மதம் இல்லை, மக்களுக்கு மதம் இருக்கும் என்று நம்பியே அந்த அரசு கட்டப்பட்டது. காவல்காரன் குறைவாக இருக்கும் ஊரில் மனசாட்சி அதிகமாக இருக்க வேண்டும் என்ற கணக்கு. எனக்கு இது சரியான வாசிப்பாகப் படுகிறது. சிறிய அரசு வேண்டும் என்று கேட்கும் பழமைவாதி, வலுவான சபையும் வலுவான குடும்பமும் வேண்டும் என்று ஏன் சேர்த்தே கேட்கிறார் என்பதற்கும் இதுவே விடை.

பாட்டக்கெட், லோவல்: மணி அடித்த ஊர்கள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் நூற்பாலைத் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர், இயந்திர நுணுக்கம் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்ற பிரிட்டிஷ் சட்டத்தை மீறி 1789இல் நியூயார்க் வந்து இறங்கினார். வரைபடம் எதுவும் கையில் இல்லை, எல்லாம் நினைவில் இருந்தது. அவருக்கு ரோட் ஐலண்டில் முதல் போட்டவர் மோசஸ் பிரவுன் என்ற வணிகர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1790 டிசம்பரில் பாட்டக்கெட்டில், பிளாக்ஸ்டன் ஆற்றின் நீர்விசையில் அமெரிக்காவின் முதல் வெற்றிகரமான நூற்பு இயந்திரங்கள் சுழன்றன.

அந்த இயந்திரங்களின் முன் நின்றவர்கள் 7 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஆறு நாள் பஞ்சுத் தூசியில் வேலை. ஏழாம் நாள் ஸ்லேட்டர் அவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தினார். ஞாயிறு பள்ளி என்றதும் நமக்கு வேதப் பாட்டும் வசனப் போட்டியும் நினைவுக்கு வரும். பாட்டக்கெட்டில் அது எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுத்த இடம், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு நாளே இல்லை. பழமைவாத எழுத்தாளர்கள் இந்தப் பள்ளியைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆறு நாட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லோவல் நகரம் இதைவிடத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. பாஸ்டன் முதலாளிகள் 1820களில் மெரிமாக் ஆற்றங்கரையில் ஆலைகளை எழுப்பி, நியூ இங்கிலாந்துப் பண்ணைவீடுகளின் திருமணமாகாத பெண்களை வேலைக்கு அழைத்தார்கள். பெண்ணை அனுப்பத் தயங்கிய தகப்பன்மாருக்கு ஓர் உறுதி கொடுக்கப்பட்டது: நிறுவனத்தின் விடுதியில், மேற்பார்வையாளர் அம்மையாரின் கண்பார்வையில்தான் தங்குவாள், இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டப்படும், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவாள். ஹாமில்ட்டன் ஆலையின் விதிமுறைத் தாளில், ஓய்வுநாள் ஆராதனைக்கு வழக்கமாக வராத எவரையும் நிறுவனம் வேலைக்கு வைத்துக்கொள்ளாது என்று அச்சிட்டே இருந்தது. ஆலை முகவர் கட்டிய புனித அன்னாள் ஆலயத்துக்காகப் பெண்களின் சம்பளத்திலிருந்தே பணம் பிடித்தார்கள். அவர்களில் பலர் வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள்.

விடியுமுன் ஆலை மணி அடிக்கும். வாரத்தில் எழுபது மணி நேரத்துக்கும் மேல் வேலை. தறிக்கூடத்தில் நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரம் வேண்டும் என்பதால் சன்னல்களைத் திறக்க விடமாட்டார்கள். 1834இல் கூலியைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் தறியை விட்டு இறங்கி ஊர்வலம் போனார்கள், 1836இல் விடுதிக் கட்டணம் ஏறியபோது மறுபடியும் போனார்கள். தங்களைச் சுதந்திர மனிதர்களின் புதல்வியர் என்று அழைத்துக்கொண்டார்கள். விடுதலைப் போரில் சண்டையிட்டவர்களின் பேத்திகள் அவர்கள். ஞாயிறுதோறும் ஆராதனையில் உட்கார வைத்தால் அடங்கிப் போவார்கள் என்று நினைத்த முதலாளிகளுக்கு, வேதம் படித்தவள் தன் மதிப்பையும் தெரிந்துகொள்வாள் என்பது தெரிந்திருக்கவில்லை.

யாருடைய வேர்வை?

"உன் முகத்தின் வேர்வையால் ஆகாரம் புசிப்பாய்" என்பது ஆதியாகமம். அமெரிக்காவில் உழைப்பின் மதிப்பைப் பேசும் எவரும் இந்த வசனத்தில்தான் வந்து நிற்பார். அந்த வசனம் நாட்டின் மீதே குற்றச்சாட்டாகத் திரும்பியது பருத்தியால்.

1793இல் ஈலி விட்னி பருத்திக் கொட்டை பிரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். லோவலின் தறிகளுக்குத் தெற்கின் அடிமைப் பண்ணைகள் பஞ்சு அனுப்பின. ஸ்லேட்டருக்குப் பணம் போட்ட மோசஸ் பிரவுன் 1773லேயே தன் அடிமைகளை விடுவித்து, அடிமை வணிகத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். அவர் விதைபோட்ட தொழிலே பண்ணை அடிமைத்தனத்துக்குப் பெரிய சந்தையானது. 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். சபைகள் இரண்டாகப் பிளந்தன. மெதடிஸ்டுகள் 1844–45இல் பிரிந்தார்கள். 1845இல் தெற்கத்திப் பாப்டிஸ்டுகள் தனிச் சபையானார்கள், அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாம் என்பதற்காக. அந்தச் சபை தன் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டது 1995இல்.

1865 மார்ச்சில் லிங்கன் தன் இரண்டாம் பதவியேற்பு உரையில், பிறர் முகத்தின் வேர்வையிலிருந்து தம் அப்பத்தைப் பிழிந்தெடுக்க நீதியுள்ள தேவனின் உதவியை மனிதர் கேட்கத் துணிவது வியப்பாக இருக்கிறது என்றார். உழைப்பும் விசுவாசமும் கைகோத்து நாட்டை வளர்த்தன என்று எழுதும் பழமைவாதி, இந்த ஒரு வாக்கியத்தைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அந்த மரபில் எனக்குப் பிடித்த மனிதரும் லிங்கன்தான். தொழிலை, வரியை, கூலி வாங்கி உழைக்கும் சுதந்திர மனிதனின் மதிப்பை ஆதரித்துக்கொண்டே அவர் அடிமைத்தனத்தை எதிர்த்தார்.

எழுப்புதல், கொடைப் பணம், யாழ்ப்பாணம்

1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் மாவு ஆலைகளின் ஊரானது. பட்டறையில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து குடிப்பது அதுவரை இருந்த வழக்கம். 1830–31 குளிர்காலத்தில் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி அங்கே விசுவாசத்தைத் தட்டியெழுப்ப நடத்திய எழுப்புதல் கூட்டங்களில் ஆலை அதிபர்களும் வணிகர்களும் திரளாக மனந்திரும்பினார்கள். பட்டறைகளில் சாராயப் பீப்பாய் மறைந்தது. இது தொழிலாளியை ஒழுங்குக்குள் கொண்டுவர முதலாளி கண்டுபிடித்த வழி என்று இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. குடி நின்ற வீட்டில் மனைவிக்கும் பிள்ளைக்கும் என்ன கிடைத்தது என்பதையும் கணக்கில் எடுத்தால், அந்த விளக்கம் போதாது.

அந்த எழுப்புதல் காலத்தின் பணம் நம் மண்ணுக்கும் வந்தது. 1810இல் நியூ இங்கிலாந்தில் தொடங்கிய அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் கால்பதித்தது. வட்டுக்கோட்டைக் குருமடம் 1823இல் பிறந்தது. ஒரு மாணவனின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளர் அவனுக்குப் பெயர் சூட்டலாம் என்ற வழக்கம் இருந்தது. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை 'ஆர்னல்ட்' ஆனதும், விசுவநாதபிள்ளை 'கரோல்' ஆனதும் இந்தச் சூழலில்தான். லோவலையும் ராசெஸ்டரையும் உருவாக்கிய அதே காலத்தின் ஊக்கமே உதயதாரகை இதழையும் வின்சுலோ தமிழ் அகராதியையும் நமக்குத் தந்தது.

எஃகுக் காலம்

உள்நாட்டுப் போருக்குப் பின் ஆலைகள் மலைபோல் வளர்ந்தன. பாப்டிஸ்டான எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் இளமையிலிருந்தே வருமானத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்து வந்தவர். எஃகு அதிபர் கார்னகிக்குப் பெரிய விசுவாசம் இல்லை, ஆனால் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களைக் கட்டிக்கொடுத்தார். அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகாலையில் 1892 ஜூலை 6ஆம் தேதி, கதவடைப்புச் செய்யப்பட்ட தொழிலாளர்களுக்கும் தோணிகளில் வந்திறங்கிய பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் முந்நூறு கூலிக்காவலர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அப்போது கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார்.

சபைகள் எப்போதும் முதலாளியின் மடியில் இருந்தன என்பது பொய். இரண்டு நிகழ்வுகளை மட்டும் சொல்கிறேன்.

1. 1887இல் பால்டிமோரின் கர்தினால் கிப்பன்ஸ், அமெரிக்காவின் அன்றைய பெரிய தொழிற்சங்கத்தை ரோம் கண்டிக்கக் கூடாது என்று நேரில் போய் வாதாடினார். வாதம் பலித்தது. நான்காண்டு கழித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தம் சுற்றுமடலில் தனிச்சொத்தையும் காத்தார், தொழிலாளி குடும்பம் வாழத் தக்க கூலியையும் கேட்டார்.

2. எஃகாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பகல் முறை இரவு முறைக்கு மாறும் ஞாயிறன்று ஒரே ஆள் இருபத்துநான்கு மணி நேரம் தொடர்ந்து உலையடியில் நிற்க வேண்டும். 1919 வேலைநிறுத்தத்துக்குப் பின் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒன்று இதை விசாரித்து 1920இல் அறிக்கை வெளியிட்டது. 1923இல் பன்னிரண்டு மணி நேர முறை விடைபெறத் தொடங்கியது.

வரியை வெறுத்ததா அந்தக் கட்சி?

குழப்பத்தின் மையம் இதுதான், இதை அவிழ்ப்பது எளிது. 1789 ஜூலை 4ஆம் தேதி வாஷிங்டன் கையெழுத்திட்ட சட்டமே இறக்குமதி வரிச் சட்டம். 1791இல் நிதியமைச்சர் ஹாமில்ட்டன், வேளாண்மை மட்டும் போதாது, ஆலைத்தொழிலை அரசு வளர்த்தெடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். செனட்டர் ஹென்றி கிளே அதைத் தன் கட்சியின் கொள்கையாக்கினார். அவரைத் தலைவராக ஏற்றவர் லிங்கன். 1860 முதல் 1930 வரை குடியரசுக் கட்சிதான் அமெரிக்காவின் வரிக் கட்சி.

அந்த மரபின் முகம் வில்லியம் மெக்கின்லி. ஒகாயோ மாநிலத்தில் மகோனிங் பள்ளத்தாக்கில், நைல்ஸ் என்ற இரும்பு ஊரில் பிறந்தவர், உலை நடத்தியவரின் மகன், ஆழ்ந்த மெதடிஸ்ட் விசுவாசி. 1890ஆம் ஆண்டின் உயர்வரிச் சட்டம் அவர் பெயரில்தான் வழங்கியது. பின்னர் அதிபரானார். டிரம்ப் 2025 பதவியேற்பு உரையில் அவரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தது தற்செயல் இல்லை.

1930ஆம் ஆண்டின் ஸ்மூட்–ஹாலி வரிச் சட்டம் பெருமந்தத்தை மோசமாக்கியது என்ற எண்ணம் ஊன்றியபின் வரியின் பெயர் கெட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் போட்டியிட வேறு நாடே இல்லாத நிலையில் தடையற்ற வணிகம் அமெரிக்காவுக்கு லாபமாகவும் இருந்தது. அப்போது எதிரி சோவியத் ஒன்றியம். அது சந்தையையும் மறுத்தது, கடவுளையும் மறுத்தது. ஆகவே சந்தையை நேசித்தவர்களும் சபையை நேசித்தவர்களும் ஒரே கூடாரத்துக்குள் வந்தார்கள். 1950களில் அறிவாளிகள் இதற்குக் கொள்கை வடிவம் கொடுத்தார்கள், 1980இல் ரீகன் இதை வைத்து வென்றார். ஆக, தடையற்ற வணிகம் பழமைவாதத்தின் பிறவிக்குணம் என்று நாம் நினைத்தது, பனிப்போர் காலத்தின் ஒரு கூட்டணியை மட்டும் பார்த்துவிட்டு.

யங்ஸ்டவுன்: 1977

மெக்கின்லி பிறந்த நைல்ஸிலிருந்து சில மைல் தொலைவில் யங்ஸ்டவுன். ஆற்றோரம் மைல்கணக்கில் எஃகாலைகள். சுலோவாக்கியர், இத்தாலியர், போலந்துக்காரர், தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள் என ஒவ்வொரு கூட்டமும் ஆலைச் சம்பளத்தில் தனக்கொரு கோயிலைக் கட்டிக்கொண்ட ஊர். உள்ளூரின் பெரிய எஃகு நிறுவனத்தை 1969இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஒரு கப்பல் நிறுவனம் வாங்கியது. உலைகளைப் புதுப்பிக்கப் போதிய பணம் போடவில்லை.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கேம்பெல் ஆலை மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊரில் அதன் பெயர் இன்றும் கறுப்புத் திங்கள்.

அடுத்து நடந்ததை அமெரிக்கப் பழமைவாதிகளே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். கத்தோலிக்க ஆயர் ஜேம்ஸ் மலோன், எப்பிஸ்கோப்பல் சபை ஆயர் ஜான் பர்ட் ஆகியோர் முன்னின்று, பல சபைகளைச் சேர்ந்தவர்களும் யூத ரபிகளும் கூடி ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். மூலதனத்தைக் கையாள்பவர்களுக்கு ஊரின் மீது கடமை உண்டு என்று ஆயர்கள் மேய்ப்புப்பணி மடல் எழுதினார்கள். ஆலையை ஊர்மக்களே வாங்கி நடத்துவது அவர்கள் திட்டம். 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்று உள்ளூர் வங்கிகளில் சேமிப்புக் கணக்குகள் திறக்கப்பட்டன. வேலை இழந்தவர்களும் அதில் பணம் போட்டார்கள். மீதித் தொகைக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாதம் தேவைப்பட்டது. 1979இல் கார்ட்டர் அரசு கைவிரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பக்கத்து ஆலைகளும் மூடின.

1930இல் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி அறுபதாயிரம் பேர். ஆலை போனபின் மளிகைக்கடை போயிற்று, பள்ளிகள் இணைக்கப்பட்டன, கோயில்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது ஒன்றாக்கப்பட்டன.

நாடு முழுக்க ஆலைத்தொழிலில் இருந்தவர்கள் 1979இல் ஒரு கோடியே 95 லட்சம் பேர், 2010இல் ஒரு கோடியே 15 லட்சம். இடையில் 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம், 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சீனா. சீன இறக்குமதி தாக்கிய வட்டாரங்களில் ஆண்களின் வருமானத்தோடு திருமணங்களும் குறைந்ததைப் பொருளியலாளர்கள் பின்னர் அளந்து காட்டினார்கள்.

டிரம்ப் 2017 ஜூலையில் யங்ஸ்டவுன் மேடையில் நின்று, வேலைகள் திரும்பி வருகின்றன, வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் அருகிலுள்ள லார்ட்ஸ்டவுன் கார் ஆலை கடைசிக் காரை உருவாக்கி நின்றது. ஆனாலும் 2020 தேர்தலில், 1972க்குப் பின் முதன்முறையாக அந்த மாவட்டம் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது. நாற்பது ஆண்டுகளில் அவர்கள் இழப்பைப் பெயர் சொல்லிப் பேசியவருக்கு அவர்கள் வாக்களித்தார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்றைய பிளவு

இப்போது அமெரிக்கப் பழமைவாதத்துக்குள் மூன்று குரல்கள் கேட்கின்றன.

1. பழைய ரீகன் குரல். வரி என்பது மக்கள் மீது விழும் சுமை. மலிவு விலை ஏழைக்கே அதிகம் உதவும். அரசு தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் ஊழலில் முடியும்.

2. தேசியத் தொழில் குரல். ஹாமில்ட்டன், கிளே, மெக்கின்லி வழி. கப்பல், சிப், மருந்து ஆகியவற்றை எதிரி நாட்டிடம் வாங்கும் நாடு சுதந்திர நாடாக இருக்காது.

3. சமூகப் பழமைவாதிகளின் குரல். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்க வேண்டும், அப்படி நடந்தால்தான் திருமணமும் சபையும் நிலைக்கும். துணை அதிபர் வான்ஸ் இந்தப் பக்கம் சாய்ந்தவர்.

என் மனம் மூன்றாவது குரலின் பக்கம். ஆனால் அதன் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1999இல் அமெரிக்கர்களில் 70 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வழிபாட்டுச் சபையில் உறுப்பினர் என்று கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு காட்டியது. 2020இல் அது 47 விழுக்காடு. ஆலை மூடியதால் சபை காலியானது என்றால், ஆலை மூடாத இடத்தில் சபை நிறைந்திருக்க வேண்டும். செருமனி தன் ஆலைத்தொழிலை அமெரிக்காவைவிட நன்றாகக் காத்தது. அங்கே தேவாலயங்கள் அமெரிக்காவைவிட வெறிச்சோடிக் கிடக்கின்றன. தொழிற்சாலையைத் திறந்தால் விசுவாசம் தானே திரும்பிவிடும் என்பதற்குச் சான்று இல்லை. இன்னொன்று: அமெரிக்க ஆலைகளின் வேலைகள் குறைந்த அளவுக்கு உற்பத்தி குறையவில்லை. வரிக்குப் பயந்து திரும்பி வரும் ஆலையில் இயந்திரக் கைகளே நிறைய இருந்தால், கேம்பெல் ஆலை 5,000 குடும்பங்களுக்குக் கொடுத்ததை அது கொடுக்காது.

சந்தையா சபையா என்ற கேள்வி உண்மையில் கூர்மையாவது ஞாயிற்றுக்கிழமையில். ஞாயிறன்று கடை திறக்கத் தடை விதிக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் இருந்தன. 1961இல் உச்ச நீதிமன்றமே அவற்றை ஏற்றது. அதற்குப் பிறகுதான் பல மாநிலங்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வடக்கு டக்கோட்டா 2019இல் கைவிட்டது. நாத்திகர்கள் படையெடுத்து வந்து இதைச் செய்யவில்லை. கடைக்காரர்கள் கேட்டார்கள், வாடிக்கையாளர்களும் விரும்பினார்கள்.

2023இல் பழமைவாத ஆய்வு நிறுவனமான ஹெரிட்டேஜ் அறக்கட்டளை அடுத்த அரசுக்கென்று ஒரு பெரும் கொள்கை நூலை வெளியிட்டது. அதில் தொழிலாளர் துறை பற்றிய அத்தியாயத்தில் ஒரு பரிந்துரை: ஓய்வுநாளில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும், மக்கள் சேர்ந்து இளைப்பாற ஒரு நாள் வேண்டும். அதன் கீழேயே மாற்றுக் கருத்து என்ற தலைப்பில், அரசு இப்படித் தலையிடக் கூடாது என்று வாதிடும் இன்னொரு பத்தியையும் அச்சிட்டிருக்கிறார்கள்.